கால் சென்டரில் சர்வர் பல, வரிசை ஒன்று

வங்கி, காஸ் ஏஜென்சி, மொபைல் நிறுவனம் என எதற்காவது போன் செய்தால் முதலில் பேசுவது பதிவு செய்யப்பட்ட குரல்தான். "தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தவும்" என்கிறது. அழுத்துகிறோம். "உங்கள் பத்து இலக்க மொபைல் எண்ணைப் பதிவு செய்யவும்" என்கிறது. அதையும் பொறுமையாகச் செய்கிறோம். பிறகு ஐந்து நிமிடம் இசை. கடைசியில் ஒரு பெண் வந்து, "வணக்கம் சார், உங்க மொபைல் நம்பர் சொல்லுங்க" என்கிறார். இப்போதுதானே அழுத்தினேன் என்று நமக்குக் கோபம் வருகிறது.

அந்தப் பெண்ணின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நீங்கள் எண்ணை அழுத்தியபோது உங்கள் அழைப்பு ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் பேசும்போது அது வேறொரு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. உங்கள் குரலைக் கொண்டு சென்றவர்கள், நீங்கள் அழுத்திய எண்ணைக் கொண்டு செல்ல ஏற்பாடு செய்யவில்லை. இப்படிப்பட்ட போன் சிஸ்டங்களை அமைப்பதுதான் என் வேலை. பொறியியல் முடித்து ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்ததிலிருந்து பெரும்பாலும் இதைத்தான் செய்து வருகிறேன். பத்துப் பேர் அமரும் கால் சென்டர் நூறு, இருநூறு பேராக வளரும்போது ஒரு சர்வர் போதாது. அப்போது என்ன நடக்கிறது, எது கடினம் என்பதை இந்தக் கட்டுரையில் காணலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். இதில் வரும் பிரச்னைகளில் பாதி உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரிலும் உண்டு.

ஒரே ஒரு கம்ப்யூட்டர்

முன்பு அலுவலகங்களில் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்ற பெட்டி சுவரில் மாட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் போன் லைனை உள்ளே இருக்கும் பல போன்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி அது. 1999ல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், அந்தப் பெட்டி செய்யும் வேலையைச் சாதாரண கம்ப்யூட்டரில் செய்திடும் ஒரு சாப்ட்வேரை எழுதினார். அதன் பெயர் ஆஸ்டரிஸ்க். லினக்ஸில் இயங்கும், இலவசம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இதன் மேல் கால் சென்டருக்கான வசதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்ட இலவச சாப்ட்வேர் விசிடயல். சிறிய, நடுத்தரக் கால் சென்டர்கள் பலவற்றில் இவை இரண்டும்தான் இயங்குகின்றன. நான் இங்கே சொல்பவையும் இவற்றை வைத்துத்தான்.

இந்தச் சர்வர் செய்யும் வேலைகள்: அழைப்பை எடுப்பது, "எண் ஒன்றை அழுத்தவும்" என்ற ஒலிப் பைலை இயக்குவது, அழைத்தவரை வரிசையில் நிறுத்துவது, காலியாக இருக்கும் ஏஜென்ட்டுடன் இணைப்பது, பேச்சைப் பதிவு செய்வது. பத்து ஏஜென்ட்டுகள் என்றால் ஒரு சுமாரான கம்ப்யூட்டரே இதைச் சிரமமில்லாமல் செய்துவிடும்.

போனில் பேசும் குரல் கம்ப்யூட்டருக்குள் எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் புரியும். ஜி.711 என்ற முறையில் உங்கள் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். பெருக்கினால் விநாடிக்கு 64,000 பிட். இதை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பாக்கெட்டாக அனுப்புகிறார்கள். அதாவது விநாடிக்கு 50 பாக்கெட்டுகள். வாடிக்கையாளரிடமிருந்து 50 வாங்கி ஏஜென்ட்டுக்கு 50 அனுப்ப வேண்டும். அதுபோலவே எதிர்த் திசையிலும். ஆக, ஓர் உரையாடலுக்கு விநாடிக்கு 200 பாக்கெட்டுகள் சர்வரைத் தொட்டுச் செல்கின்றன. நூறு உரையாடல் என்றால் 20,000.

பாட்டு ஒன்றை டவுன்லோட் செய்யும்போது நடுவில் இரண்டு விநாடி தடைபட்டால் நமக்குத் தெரிவதுகூட இல்லை. குரலில் அப்படி முடியாது. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போகும் நேரம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைவிட மிகவும் தாமதித்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, "சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று மாட்டிக்கொள்வார்கள்.

எங்கே மூச்சு முட்டும்?

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பாமன்ஸ் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று தனித்தனியே கோடுகள் ஓடும். கம்ப்யூட்டர் "ஸ்லோ" ஆகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, இந்த நான்கில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் உச்சியைத் தொட்டிருக்கும். மற்றவை சும்மா இருக்கும். மெமரி போதாத கம்ப்யூட்டருக்குப் புதிய பிராசசர் வாங்குவது வீண் செலவு. கால் சென்டர் சர்வரிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நெட்வொர்க் பெரும்பாலும் பிரச்னை தருவதில்லை. பாக்கெட்டின் முகவரித் தலைப்பையும் சேர்த்தால் ஒரு குரலுக்கு 80 கிலோ பிட். நூறு உரையாடலுக்கு இரு பக்கமும் சேர்த்து உள்ளே 16 மெகா பிட், வெளியே 16 மெகா பிட். சாதாரண நெட்வொர்க் கார்டே இதைத் தாங்கும்.

சி.பி.யு. கொஞ்சம் கவனிக்க வேண்டியது. வாடிக்கையாளர் பக்கம் ஜி.711, ஏஜென்ட் பக்கம் ஜி.729 என்று குரலைச் சுருக்கும் முறை வேறு வேறாக இருந்தால், சர்வர் நடுவில் அமர்ந்து விநாடிக்கு ஐம்பது முறை மொழிபெயர்க்க வேண்டும். ஜி.729ல் ஒரு குரலுக்கு 8 கிலோ பிட்தான் என்பதால் இண்டர்நெட் மிச்சமாகிறது என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஒரே கட்டடத்துக்குள் ஏஜென்ட்டுகள் இருக்கும்போது இதில் எந்த லாபமும் இல்லை. இரண்டு பக்கமும் ஜி.711 வைத்துவிட்டால் சர்வர் பாக்கெட்டை வாங்கிக் கொடுப்பதோடு சரி.

உண்மையான வில்லன் ஹார்ட் டிஸ்க். பேச்சைச் சுருக்காமல் வேவ் பைலாகப் பதிவு செய்தால் விநாடிக்கு 16,000 பைட்; ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. நூறு ஏஜென்ட்டுகள் தலா ஆறு மணி நேரம் பேசினால் ஒரு நாளைக்கு 34.5 ஜிபிக்கு மேல். மாதத்தில் 26 வேலை நாள் என்றால் 900 ஜிபியை நெருங்கும். இடத்தையாவது பணம் கொடுத்து வாங்கிவிடலாம். எழுதும் விதம்தான் தொல்லை. ஒரு பெரிய சினிமா பைலைப் பென் டிரைவில் காப்பி செய்தால் விரைவாக முடிகிறது. அதே அளவுள்ள ஆயிரக்கணக்கான சின்னப் படங்களைக் காப்பி செய்தால் நேரம் எடுக்கிறது அல்லவா? சர்வரில் நூறு பைல்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் துளித்துளியாக எழுத வேண்டும். சுழலும் தட்டுள்ள டிஸ்க்கில் அதன் முள் அங்கும் இங்கும் ஓடிக் களைத்துவிடும். டிஸ்க் திணறும்போது ஆஸ்டரிஸ்க்கும் காத்திருக்கும். குரல் விட்டுவிட்டு வரும். வாடிக்கையாளர் "லைன் சரியில்லை" என்பார். லைன் நன்றாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பேசும்போது பதிவை ராம் மெமரியில் ஒதுக்கிய பகுதியில் எழுதிக்கொண்டு, அழைப்பு முடிந்த பிறகு முழுப் பைலாக வேறொரு சேமிப்புச் சர்வருக்கு அனுப்பிவிடுவது. ஜி.எஸ்.எம். முறையில் சுருக்கினால் ஒரு மணி நேரப் பேச்சு 6 எம்பிக்குள் அடங்கிவிடும். பல இடங்களில் இரண்டாவது சர்வர் கேட்டு வருபவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே இன்னும் ஓராண்டைத் தள்ளித் தரும். விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது சர்வர் வந்தது

சரி, எல்லாம் செய்தும் போதவில்லை. இரண்டாவது சர்வர் வாங்கியாகிவிட்டது. எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது: இருபது ஏஜென்ட்டுகளில் பத்துப் பேரை முதல் சர்வரில் வைப்போம், பத்துப் பேரை இரண்டாவதில். வரும் அழைப்புகளையும் பாதிப்பாதியாகப் பிரித்துவிடுவோம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணிபுரிந்த ஏ.கே. எர்லாங் என்ற கணித வல்லுநர் இதற்கான சூத்திரத்தை 1917லேயே கொடுத்துவிட்டார். அதை வைத்துப் பார்ப்போம். மணிக்கு 320 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வோர் அழைப்பும் சராசரியாக மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஏஜென்ட்டுகளும் ஒரே வரிசைக்குப் பதில் சொன்னால், அழைப்பவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் சுமார் 12 விநாடி. வரிசையை இரண்டாக உடைத்து, பத்துப் பேருக்கு 160 அழைப்பு என்று பிரித்தால் அது சுமார் 37 விநாடி ஆகிவிடுகிறது. அதே இருபது பேர். அதே 320 அழைப்பு. ஒருவர்கூட வேலையில் சுணங்கவில்லை. புது சர்வர் வாங்கியதால் காத்திருப்பு மூன்று மடங்கு!

ஏன் என்று ரேஷன் கடையை நினைத்துப் பார்த்தால் புரியும். இரண்டு தனி வரிசை இருந்தால், ஒன்றில் ஆள் குவிந்து நிற்கும்போது மற்றொன்றில் எடை போடுபவர் சும்மா அமர்ந்திருக்கும் நிமிடங்கள் வந்தே தீரும். வங்கியில் டோக்கன் கொடுத்து, "எண் 45, கவுண்டர் 3" என்று அழைப்பது இதனால்தான். கவுண்டர் எத்தனை இருந்தாலும் வரிசை ஒன்று.

துணிக்கடைக்குப் போன் செய்தவர் 25 விநாடி கூடுதலாகக் காத்திருந்தால் பெரிய இழப்பில்லை. ஆம்புலன்ஸுக்கான 108, இணைய மோசடியில் பணம் இழந்தவர்கள் அழைக்கும் 1930 போன்ற எண்களில் அப்படிச் சொல்ல முடியாது. சராசரி 37 என்றால் சிலர் இரண்டு நிமிடம் நிற்கிறார்கள் என்று பொருள்.

எனவே பேச்சைச் சுமக்கும் வேலையை எத்தனை சர்வருக்கு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம். யார் முதலில் வந்தார், யார் காலியாக இருக்கிறார் என்ற பட்டியலை மட்டும் ஓரிடத்தில்தான் வைக்க வேண்டும். இந்தப் பட்டியல் இருப்பது டேட்டாபேஸ் சர்வரில். விசிடயலில் இது மை எஸ்க்யூஎல் வகை டேட்டாபேஸ்.

ஓர் அழைப்பின் பயணம்

மூன்று போன் சர்வர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஏஜென்ட்டும் காலையில் லாக் இன் செய்யும்போது இவற்றில் ஏதாவது ஒன்றில் அமர்கிறார். அவருடைய ஹெட்போன் நாள் முழுவதும் அந்தச் சர்வரோடுதான் இணைந்திருக்கும்.

வெளியிலிருந்து அழைப்பு வருகிறது. முன்பு இதற்குப் பி.ஆர்.ஐ. லைன்கள் இருந்தன, இன்றும் சில இடங்களில் இருக்கின்றன. ஒரு லைனில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள். நான்கு லைன் செருகும் கார்டில் 120. அந்தக் கார்டு எந்தச் சர்வரில் இருக்கிறதோ அங்குதான் அழைப்பு வந்து இறங்கும், வேறு வழியில்லை. இன்று பெரும்பாலும் சிப் டிரங்க் என்ற முறையில் நெட்வொர்க் கேபிள் வழியாகவே அழைப்புகள் வருகின்றன. ஆகவே வாசலில் ஒரு காவலரை நிறுத்தலாம். கமைலியோ என்ற இலவச சாப்ட்வேர் இந்த வேலையைச் செய்கிறது. அது குரலைத் தொடுவதில்லை. "புதிய அழைப்பு வந்திருக்கிறது" என்ற செய்தியை மட்டும் வாங்கி, எந்தப் போன் சர்வருக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்து அனுப்புகிறது. குரல் பாக்கெட்டுகள் நேரே அந்தச் சர்வருக்குப் போய்விடும். சற்றைக்கு ஒருமுறை எல்லாச் சர்வர்களையும் "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராத சர்வரைப் பட்டியலிலிருந்து விலக்கிவிடும்.

உங்கள் அழைப்பு முதல் சர்வரில் இறங்கியது. தமிழுக்கு ஒன்று அழுத்தினீர்கள். மொபைல் எண் கொடுத்தீர்கள். அந்தச் சர்வர் இப்போது டேட்டாபேஸில் ஒரு வரி எழுதுகிறது: இந்த அழைப்பு, இந்த நேரம், தமிழ், இந்த மொபைல் எண், காத்திருக்கிறார். பிறகு காலியாக உள்ள ஏஜென்ட்டைத் தேடுகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். அதே நொடியில் இரண்டாவது சர்வரும் தன்னிடம் உள்ள அழைப்புக்கு ஆள் தேடுகிறது. இரண்டும் "யார் காலி?" என்று கேட்டால் இரண்டுக்கும் "14ஆம் எண் ஏஜென்ட்" என்றே பதில் வரும். இரண்டும் அவருக்கே இணைத்தால் ஒருவர் காதில் இரண்டு வாடிக்கையாளர்கள். பஸ்ஸில் ஒரே சீட்டை இருவருக்கு விற்ற கதைதான். இதைத் தவிர்க்க, கேட்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக அனுப்ப வேண்டும். "காலியாக இருப்பவர்களில் அதிக நேரம் சும்மா இருக்கும் ஒருவரை என் அழைப்புக்கு ஒதுக்கி எழுது, எத்தனை பேரை எழுதினாய் என்று சொல்." டேட்டாபேஸ் இப்படிப்பட்ட கட்டளைகளை ஒரே ஏஜென்ட்டின் மேல் ஒரே நேரத்தில் நிறைவேற்றாது, ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. "1" என்று பதில் வந்தால் ஆள் கிடைத்துவிட்டார். "0" என்றால் வேறு யாரோ முந்திவிட்டார்கள், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். இந்த ஒரு வரியில்தான் பல சர்வர் அமைப்பின் உயிர் இருக்கிறது என்பேன்.

ஒதுக்கப்பட்ட ஏஜென்ட் மூன்றாவது சர்வரில் இருக்கிறார் என்றால், முதல் சர்வர் உங்கள் குரலை உள் நெட்வொர்க் வழியாக அங்கே அனுப்புகிறது. இதற்கு ஐயேஎக்ஸ் என்ற முறை உண்டு. ஆஸ்டரிஸ்க் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே உருவாக்கப்பட்டது இது. ஒரே திசையில் போகும் பல அழைப்புகளின் குரல் துண்டுகளை ஒரே பாக்கெட்டில் ஏற்றி அனுப்ப முடியும். ஷேர் ஆட்டோ மாதிரி.

குரல் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் அழுத்திய மொபைல் எண்? அது குரலோடு தானாகப் போகாது. அதை டேட்டாபேஸில் அழைப்பின் பெயரில் எழுதி வைத்திருந்தால், ஏஜென்ட்டின் திரை அங்கிருந்து எடுத்துக் காட்டும். முதல் சர்வரின் மெமரியில் மட்டும் வைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒரு சர்வர் இருந்த காலத்தில் எழுதப்பட்ட புரோகிராம், எண்ணை மெமரியில் வைத்துக்கொண்டாலே போதுமானதாக இருந்தது. சர்வர்கள் கூடிய பிறகும் அதை மாற்றாமல் விட்ட இடங்களில்தான் "நம்பர் சொல்லுங்க சார்" என்ற கேள்வி வருகிறது. சில இடங்களில் பாதுகாப்புக்காகவும் வேண்டுமென்றே மறுபடி கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடிகாரம்

விசிடயல் ஏஜென்ட் திரையில் சில நேரம் ஒரு செய்தி வரும்: கம்ப்யூட்டர்களின் நேரம் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, நிர்வாகியிடம் சொல்லுங்கள் என்று. புதியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மணி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?

அதிக நேரம் சும்மா இருப்பவருக்கே அடுத்த அழைப்பு என்று பார்த்தோம். அதைக் கண்டுபிடிப்பது, கடைசி அழைப்பு முடிந்த நேரத்தை வைத்து. இரண்டாவது சர்வரின் கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தால், அதில் உள்ள ஏஜென்ட்டுகள் எல்லாரும் ஒரு நிமிடம் கூடுதலாகச் சும்மா இருந்ததாகப் பதிவாகும். அழைப்புகள் அவர்கள் மேலேயே வந்து விழும். பக்கத்து வரிசையில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அறியவும் அது கடைசியாக எழுதிய நேரத்தைத்தான் மற்றவை பார்க்கின்றன. நேரம் தவறினால் நன்றாக இயங்கும் சர்வரையும் செத்துவிட்டதாக நினைத்துவிடும்.

இதற்கான மருந்து என்.டி.பி. டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வடிவமைத்து 1985ல் வெளியான முறை. இண்டர்நெட்டில் இன்றும் பயன்படும் மிகப் பழைய முறைகளில் ஒன்று. போன் சர்வர்கள் அனைத்தையும் ஒரே என்.டி.பி. சர்வரைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளச் செய்ய வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரிலும் இதே முறைதான். விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் டேட் அண்ட் டைம் சென்று சிங்க் நவ் என்பதில் கிளிக் செய்திடவும். பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டால், மதர்போர்டில் உள்ள வட்ட வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். தேதி தவறாக இருக்கும்போது பிரவுசர் வங்கித் தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று சொல்லித் திறக்க மறுக்கும். தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது கணக்குப் போடுகிறது!

டேட்டாபேஸ் படுத்தால்

வரிசையை ஓரிடத்தில் வைத்தோம். அந்த ஓரிடம் நின்றுவிட்டால் எல்லாமே நின்றுவிடும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

டேட்டாபேஸை முழுதாகச் சாய்ப்பதைவிட அதை மெதுவாக்குவது மிக எளிது. காலை பதினொரு மணி, அழைப்புகள் உச்சத்தில் இருக்கின்றன. மேலாளர் ஒருவர் தன் அறையில் அமர்ந்து "கடந்த ஆறு மாத அழைப்புகள் அனைத்தும்" என்று ரிப்போர்ட் கேட்கிறார். எக்ஸெல் பைலை ஒருவர் நெட்வொர்க்கில் திறந்து வைத்திருந்தால் அடுத்தவருக்கு "ரீட் ஒன்லி" என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். விசிடயல் பயன்படுத்தும் மை ஐசாம் வகை அட்டவணையிலும் அதுபோல ஒரு பூட்டு உண்டு. ஒருவர் நீண்ட நேரம் படித்துக்கொண்டிருக்கும்போது அதே அட்டவணையில் ஏற்கனவே உள்ள வரியைத் திருத்த வருபவர் வெளியே நிற்க வேண்டும். ரிப்போர்ட் ஓடும் நாற்பது விநாடியும் ஏஜென்ட்டுகளின் திரை உறைந்து நிற்கும். போன் சர்வர்களில் எந்தக் குறையும் இருக்காது. எனவே டேட்டாபேஸின் நகல் ஒன்றை இன்னொரு சர்வரில் தொடர்ந்து எழுதச் செய்து, ரிப்போர்ட்டுகளை அங்கே திருப்பிவிடுவார்கள். நூறு ஏஜென்ட்டுகளைத் தாண்டும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நான்காவது போன் சர்வர் அப்புறம்.

முதல் டேட்டாபேஸ் உண்மையிலேயே நின்றுவிட்டால் இந்த நகலையே முதல்வராக மாற்றிக்கொள்ளலாம். அந்த மாற்றம் தானாக நடக்க வேண்டுமா, மனிதர் ஒருவர் செய்ய வேண்டுமா என்பதில் என் துறையில் கருத்து வேறுபாடு உண்டு. தானாக என்றால் வேகம். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள கேபிள் மட்டும் கழன்றிருந்தால்? இரண்டும் "அடுத்தவன் செத்துவிட்டான், நான்தான் தலைவன்" என்று முடிவு செய்து தனித்தனி வரிசைகளை நடத்தத் தொடங்கும். பிறகு அவற்றைச் சேர்ப்பது பெரும்பாடு. இதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு நடுவர் கம்ப்யூட்டரை வைப்பார்கள். இருநூறு பேர் வரையுள்ள சாதாரணக் கால் சென்டரில் ஒரு மனிதர் பார்த்து மாற்றுவதே மேல் என்பது என் எண்ணம். அவசர எண்களுக்கு அந்த வாதம் பொருந்தாது. அங்கே நடுவரோடு தானியங்கி முறைதான் வேண்டும்.

போன் சர்வர் ஒன்று நின்றால் அதில் நடந்துகொண்டிருந்த பேச்சுகள் போய்விடும். மற்றவை தப்பிக்கும், ஒரு நிபந்தனையோடு. ஐந்து சர்வர்கள் ஒவ்வொன்றும் 80 சதவீதம் நிறைந்து ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நின்றதும் அதன் சுமை மற்ற நான்கின் மேல் விழும். நான்கும் 100ஐத் தொடும். அவற்றில் ஒன்று திணறி விழ, மூன்றின் மேல் நான்கின் பாரம். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். 60 சதவீதத்தில் நிறுத்தியிருந்தால் நான்கும் 75க்குத்தான் போகும். ஆகவே "பாதி சும்மாதானே இருக்கிறது" என்று கணக்குப் பிள்ளை கேட்கும் சர்வர், உண்மையில் சும்மா இல்லை.

சொந்தமாகச் சர்வர் வாங்காமல் கிளவுடில் வாடகைக்கு எடுப்பவர்கள் இப்போது அதிகம். அமேசான் நிறுவனம் 2017ல் இதற்கென்றே கனெக்ட் என்ற சேவையைத் தொடங்கியது. அங்கும் வரிசை, பட்டியல், கடிகாரம் எல்லாம் உண்டு. கவலைப்படுபவர் மட்டும் வேறு.

வீட்டில் செய்து பார்க்க

ஆர்வமுள்ளவர்கள் செலவில்லாமல் இதை முயன்று பார்க்கலாம். விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவி, அதில் இரண்டு லினக்ஸ் சிஸ்டங்களை உருவாக்குங்கள். கம்ப்யூட்டரில் 8 ஜிபி மெமரி இருந்தால் நல்லது. இரண்டிலும் ஆஸ்டரிஸ்க் நிறுவுங்கள். நெட்வொர்க் அமைப்பில் நேட் என்று இருப்பதை பிரிட்ஜ்ட் அடாப்டர் என்று மாற்ற மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் வை-பையில் உள்ள மொபைல் போன்களால் சர்வரை எட்ட முடியாது. வீட்டில் உள்ள இரண்டு மொபைல்களில் லின்போன் போன்ற சாப்ட்போன் அப்ளிகேஷனை நிறுவி, இரண்டையும் முதல் சர்வரில் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேசுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே முதல் சர்வரின் விண்டோவைப் பவர் ஆப் என்று கொடுத்து மூடுங்கள். பேச்சு நிற்காமல் தொடர்ந்தால் வியக்க வேண்டாம். ஆஸ்டரிஸ்க்கில் டைரக்ட் மீடியா என்ற அமைப்பு இயங்கினால் குரல் சர்வருக்கு வராமல் இரண்டு போன்களுக்கும் இடையே நேராகப் போய்விடும். அதை நிறுத்திவிட்டு மீண்டும் செய்து பாருங்கள். இம்முறை குரல் நின்றுவிடும். ஆனால் போன் திரையில் நேரம் சற்று நேரமாவது ஓடிக்கொண்டே இருக்கும். "அழைப்பு முடிந்தது" என்று சொல்ல வேண்டிய சர்வர்தான் இல்லையே.

பிறகு போன்களை இரண்டாவது சர்வருக்கு மாற்றுவதைப் பாருங்கள். சாப்ட்போன் அமைப்பில் பதிவைப் புதுப்பிக்கும் நேரம் 3,600 விநாடி என்று இருந்தால், சர்வர் போனது போனுக்குத் தெரியவே ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதை 60 என்று மாற்றிவிட்டு மீண்டும் முயன்று பாருங்கள்.